லத்தீன் கண்ணீரும் பல்லாவரத்துக் கல்லும்

நம் சங்க இதழின் கடைசிப் பக்கத்தில் வரும் அஞ்சலிக் குறிப்புகளை எழுதும் வேலை சில ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. ரயில்வேயில் தண்டவாளத்தையும் பாலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான். முன்பெல்லாம் வருடத்திற்கு ஒன்றிரண்டு எழுதினால் போதும். இப்போது ஒவ்வொரு இதழிலும் இரண்டு மூன்று வருகின்றன. லேக் மார்க்கெட்டிலும் பெஹாலாவிலும் அறுபது, எழுபதுகளில் வந்து குடியேறியவர்களின் தலைமுறை அல்லவா?

சென்ற ஆண்டு நம் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். வழக்கம்போல் நான்கு வரி எழுதினேன். இதழ் வெளிவந்த மறுநாள் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். கோபமாகப் பேசவில்லை. "மாமா, அப்பாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் போன இதழில் இன்னொருவருக்கும் இதே வாக்கியம்தானே வந்தது? ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று?" என்றாள். பழைய இதழை எடுத்துப் பார்த்தேன். பெயரையும் தேதியையும் தவிர மற்றதெல்லாம் ஒன்றே. ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி.

இந்தச் சங்கடத்தை என் நண்பரான ஒரு பாதிரியாரிடம் சொன்னேன். திருச்சிப் பக்கத்துக்காரர். லத்தீன் படித்தவர். அவர் சிரித்துவிட்டு, "உங்களுக்கு ஒரு கல்லைக் காட்டுகிறேன், வாருங்கள்" என்றார். அந்தக் கல்லில் தொடங்கி, கண்ணீரைப் பற்றி லத்தீன் மொழியில் உள்ள சில சொற்களையும் அவற்றின் கதையையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டிப்ளமா படித்த எனக்கு லத்தீன் தெரியாது. கேட்டதை, பிறகு படித்துச் சரிபார்த்து, இங்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் அது என்னுடையது, ஃபாதருடையதல்ல.

பெஹாலாவிலிருந்து இப்போது மாஜேர்ஹாட் வரை மெட்ரோ இருக்கிறது. அங்கிருந்து சர்க்குலர் ரயிலில் பி.பி.டி. பாக் போய், சிறிது தூரம் நடந்தால் செயின்ட் ஜான்ஸ் சர்ச். 1787-இல் திறந்து வைக்கப்பட்ட பழைய தேவாலயம். ராஜ்பவனுக்கு அருகிலேயே இருந்தாலும் நம்மில் பலர் உள்ளே போனதில்லை. நானும் முப்பது வருடம் அந்த வழியாகப் போய்வந்து, ஒருமுறைகூட நுழையவில்லை. வளாகத்தின் ஒரு மூலையில் எண்கோண வடிவில் ஒரு கல்லறை மண்டபம். அதுதான் ஜாப் சார்னாக்கின் சமாதி.

சார்னாக் 1690 ஆகஸ்ட் 24 அன்று சூதானூட்டியில் வந்து இறங்கிய கம்பெனி அதிகாரி. அவர்தான் கல்கத்தாவை நிறுவியவர் என்று நாம் பள்ளியில் படித்தோம். அப்படியல்ல என்று 2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் நம் பெஹாலாவைச் சேர்ந்த பரிஷா சாபர்ண ராய் சௌதுரி குடும்பத்தார். அவர்கள் வீட்டு ஆட்சாலா மண்டபத்தில்தான் 1698 நவம்பரில் சூதானூட்டி, கலிகாதா, கோபிந்தபூர் என்ற மூன்று கிராமங்களின் உரிமை 1300 ரூபாய்க்குக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கம்பெனியின் தலைவராக இங்கே இருந்தவர் சார்ல்ஸ் ஐயர். பெயரைப் பார்த்து நம்மவர் என்று நினைத்துவிட வேண்டாம், சுத்தமான ஆங்கிலேயர். சார்னாக்கின் மூத்த மருமகன். மாமனாருக்கு இந்த மண்டபத்தைக் கட்டியவரும் அவரே.

மண்டபத்தின் உள்ளே இருக்கும் கருநிறக் கல்லைப் பார்த்ததும் எனக்கு எங்கோ பார்த்த கல் என்று தோன்றியது. தோன்றியது சரிதான். 1893-இல் இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து இந்தக் கல்லை ஆராய்ந்து, இங்கே ஏசியாடிக் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதினார். ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் கலந்த அந்தப் பாறை, சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் கிடைப்பது. கல்லறைக்குரியவரின் நினைவாகவே அந்தப் பாறை வகைக்கு ‘சார்னோகைட்’ என்று பெயரிட்டார். உலகில் எந்த நாட்டில் இந்தப் பாறை கிடைத்தாலும் இன்றும் அதே பெயர்தான். பல்லாவரத்துக் கருங்கல் ஜல்லியைத் தெரியாத சென்னைக்காரர் உண்டா? அந்தக் கல்தான் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கப்பலேறி வங்காளத்துக்கு வந்து, லத்தீன் எழுத்துகளைச் சுமந்துகொண்டு கிடக்கிறது. நமக்கெல்லாம் முன்பே இங்கே குடியேறிய தமிழ்நாட்டான் என்று ஃபாதரிடம் சொன்னேன்.

சார்னாக்கின் கல்லில் அழுகை இல்லை. ஆனால் ஒரு வாக்கியம் இருக்கிறது. தனக்குச் சொந்தமல்லாத மண்ணில் நெடுங்காலம் பயணியாக இருந்துவிட்டு, 1692 ஜனவரி 10 அன்று தன் நித்திய வீட்டிற்குத் திரும்பினார் என்று அதற்குப் பொருள். (அக்கால ஆங்கிலேயருக்கு மார்ச் 25-இல்தான் புத்தாண்டு. எனவே இன்றைய கணக்கில் அது 1693.) பயணியாக இருந்தார் என்பதற்கு அங்கே உள்ள வினை ‘பெரெக்ரினாத்துஸ்’. ரோமாபுரியில் ‘பெரெக்ரினுஸ்’ என்றால் வெளியூர்க்காரன், குடியுரிமை இல்லாதவன். அந்தச் சொல்லே தேய்ந்து, யாத்திரிகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘பில்கிரிம்’ ஆயிற்று. நாற்பது வருடம் கல்கத்தாவில் இருந்தும், "ஊருக்கு எப்போது போகிறீர்கள்?" என்று கேட்கப்படும் நமக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

ஃபாதர் காட்ட நினைத்தது அதுவல்ல. அதே மண்டபத்தில் இன்னொரு கல். சார்னாக்கின் கடைசி மகள், ஜானதன் வைட் என்பவரின் மனைவி, கேதரினுடையது. இவளுடைய தாய், உடன்கட்டையிலிருந்து சார்னாக் மீட்டதாகக் கதை சொல்லப்படும் இந்தியப் பெண். 1689-இல் சார்னாக் சென்னையில் தங்கியிருந்தபோது, மூன்று மகள்களுக்கும் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. ஆக கேதரின் சிறுமியாகச் சென்னைக் கடற்கரையில் விளையாடியிருக்கக்கூடும். அவள் 1701 ஜனவரி 21 அன்று, முதல் பிரசவத்தில், பத்தொன்பதாம் வயதில் இறந்தாள்.

இவ்வளவும் கல்லில் இருக்கிறது. முதல் பிரசவம் என்று இருக்கிறது. வயது இருக்கிறது. அதற்கு நடுவில், சட்டென்று, ‘ஹேயூ’ என்று ஒரு சொல். நம் ‘ஐயோ’தான். அரசு ஆவணம் மாதிரி போய்க்கொண்டிருக்கும் வாசகத்தின் நடுவே அந்த ‘ஐயோ’வை யாரோ அடக்க முடியாமல் எழுதியிருக்கிறார்கள். பிறகு அந்தக் கல் நம்மைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறது. ‘ஸிஸ்தே’ என்கிறது. நில் என்று பொருள். சற்றே நில், கிறிஸ்தவ வாசகனே, அல்லது நீ யாராக இருந்தாலும் சரி, நின்று என்னோடு சேர்ந்து பெண் குலத்தின் கொடிய விதியை எண்ணி அழு என்று கேட்கிறது. ஏவாள் செய்த குற்றத்துக்கு எத்தனை ஆயிரம் ஆண்டுகளாகப் பெண்கள் தண்டனை செலுத்துகிறார்கள், இன்னும் செலுத்துவார்கள் என்று சொல்லி, வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்ற ஆதியாகம வசனத்தில் முடிகிறது.

ஏவாள் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்துப் பிரசவ மரணங்களுக்குக் காரணம் ஏவாள் அல்ல, சுத்தமில்லாத கைகள். அது வேறு கதை. ஆனால் ‘யாராக இருந்தாலும் சரி’ என்ற அந்த இரண்டு மூன்று சொற்களில் பெஹாலாவிலிருந்து ரயிலேறி வந்த நானும் அடக்கம் என்று உணர்ந்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

இந்த ‘ஸிஸ்தே’ என்ற அழைப்பு கல்கத்தாவில் பிறந்ததல்ல. ரோமானியர்களின் மிகப் பழைய சட்டமான பன்னிரு பலகைச் சட்டம், கி.மு. 450 அளவில் எழுதப்பட்டது. ஊருக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது அதில் ஒரு விதி. எனவே ரோமானியர் ஊரெல்லைக்கு வெளியே, நெடுஞ்சாலைகளின் இரு பக்கமும் கல்லறைகளைக் கட்டினார்கள். சாலையில் போகிறவன்தான் அவற்றைப் பார்ப்பான். ஆகவே கல் அவனிடமே பேசியது. ‘ஸிஸ்தே வியாதோர்’, அதாவது ‘வழிப்போக்கனே, நில்’ என்று கூப்பிடும் மரபு அப்படி வந்தது. மண்டபத்துக்குள் வழிப்போக்கன் வரமாட்டான் என்பதால், கேதரினின் கல்லில் வழிப்போக்கனுக்குப் பதில் வாசகன்.

அதே சட்டத்தில் இன்னொரு விதி. சாவு வீட்டில் பெண்கள் கன்னத்தைப் பிறாண்டிக்கொள்ளக் கூடாது, ஒருவகை ஓலமிடவும் கூடாது. அழுகைக்குச் சட்டம் போடும் அளவுக்கு அங்கே அழுகை நடந்திருக்கிறது. ‘ப்ரைஃபிகே’ என்ற பெயரில் கூலிக்கு ஒப்பாரி வைக்கும் பெண்களும் இருந்தார்கள். நம் ஊரில் ‘கூலிக்கு மாரடிப்பது’ என்று இன்றும் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறோமே, அதே தொழில்.

இனி ‘லாக்ரிமா’ என்ற சொல்லுக்கு வருவோம். லத்தீனில் கண்ணீர் என்பதற்கு அதுதான் பெயர். கண் டாக்டர்கள் எழுதும் ‘லாக்ரிமல்’ சுரப்பி, ‘லாக்ரிமல்’ பை எல்லாம் அதிலிருந்து வந்தவை. நம் வயதில் கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தால், அந்தக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்பார்கள். மிகப் பழைய லத்தீனில் இந்தச் சொல் ‘தாக்ருமா’ என்று இருந்தது. கிரேக்கத்தில் ‘தாக்ரு’. ஆங்கிலத்தின் ‘டியர்’ இவற்றுக்கு உறவு. குழாய் அடைப்புக்குச் செய்யும் அறுவை சிகிச்சையின் பெயர் ‘டாக்ரியோ’ என்று தொடங்குவதும் இந்தக் கிரேக்கச் சொல்லால்தான். சமஸ்கிருதத்தின் ‘அச்ரு’வும் இதே குடும்பம் என்று மொழியறிஞர்கள் சொல்கிறார்கள், முதலெழுத்து எங்கே போயிற்று என்பதில் மட்டும் அவர்களுக்குள் ஒரு சிக்கல். இந்த மொழிகள் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786-இல் வில்லியம் ஜோன்ஸ் அறிவித்தது இதே கல்கத்தாவில், ஏசியாடிக் சொசைட்டியில். அவரும் இங்கேதான் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார். நம் ‘கண்ணீர்’ இந்த உறவில் சேராதது. கன்னடம், மலையாளம், தெலுங்கு என்று நம் குடும்பத்துக்குள்ளேயே வழங்குவது. கண்ணின் நீர் என்று விளக்கம் தேவைப்படாமல் நிற்கிறது.

லத்தீன் கண்ணீர்த் தொடர்களில் மிகவும் பழையது, கேலிக்குப் பயன்படுவது. ‘ஹின்க் இல்லே லாக்ரிமே’. ‘ஓகோ, அந்தக் கண்ணீர் இதனால்தானா!’ என்று பொருள். தெரென்ஸ் என்பவர் கி.மு. 166-இல் அரங்கேற்றிய நாடகத்தில் வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண் இறந்துபோகிறாள். மகன் சவ ஊர்வலத்தில் போய் அழுகிறான். அதிகம் பழக்கமில்லாதவளுக்கே இப்படி அழுகிறானே, எவ்வளவு இளகிய மனம், நாளைக்கு எனக்கு எப்படி அழுவான் என்று அப்பாவுக்குப் பெருமை. பிறகு கூட்டத்தில் ஓர் அழகான இளம்பெண்ணைப் பார்க்கிறார். இறந்தவளின் தங்கை என்கிறார்கள். விஷயம் புரிகிறது! சிசரோவும் ஹொரேசும் இந்தத் தொடரை எடுத்தாள, பிறகு அது பழமொழியாகிவிட்டது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று நாம் கேட்பதும் இதைத்தான்.

பொய்க் கண்ணீருக்கும் லத்தீனில் இடமுண்டு. முதலை அழுதுகொண்டே இரையைத் தின்னும் என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்த தொடரை, எராஸ்மஸ் என்ற அறிஞர் பதினாறாம் நூற்றாண்டில் தம் பழமொழித் தொகுப்பில் சேர்த்தார். ஐரோப்பிய மொழிகள் எல்லாவற்றிலும் அது பரவிற்று. வங்காளிகள் ‘கும்பீராஷ்ரு’ என்கிறார்கள். நாம் முதலைக் கண்ணீர் என்கிறோம். ஆனால் நமக்கு இரவல் தேவையே இல்லை. பழையனூர் நீலி விட்ட கண்ணீர் நம் சொந்தச் சரக்கு. பகைவனின் கும்பிட்ட கைக்குள் ஆயுதம் மறைந்திருக்கும், அவன் அழும் கண்ணீரும் அப்படியே என்று வள்ளுவரும் 828-ஆம் குறளில் எச்சரித்திருக்கிறார்.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது ‘லாக்ரிமே ரேரும்’. வெர்ஜில் எழுதிய ஈனியட் காவியத்தின் முதல் காண்டத்தில் வரும் இரண்டு சொற்கள். இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தகராறு. ‘ரேரும்’ என்றால் பொருள்களின், நிகழ்வுகளின் என்று ஆறாம் வேற்றுமை. பொருள்களின் கண்ணீர் என்றால், உலகத்துப் பொருள்களே அழுகின்றனவா? அல்லது உலகத்து நிகழ்வுகளுக்காக மனிதர் விடும் கண்ணீரா? லத்தீனில் அந்த உருபு இரண்டுக்கும் இடம் தரும். தமிழில் ‘தாய்ப்பாசம்’ என்றால் தாய் வைத்த பாசமா, தாய்மேல் வைத்த பாசமா என்று கேட்டால் இடத்தைப் பார்த்துத்தானே சொல்வோம்? இதுவும் அப்படித்தான்.

ஆகவே இடத்தைப் பார்ப்போம். டிராய் நகரம் அழிந்து, கப்பலில் அலைந்து, முன்பின் தெரியாத கார்த்தேஜ் நாட்டில் கரை ஒதுங்குகிறான் ஈனியஸ். யார் எப்படி நடத்துவார்களோ என்ற பயம். அங்கே புதிதாகக் கட்டப்படும் கோயிலுக்குள் போகிறான். அதில் டிராய் யுத்தத்தையே சித்திரித்து வைத்திருக்கிறார்கள். இறந்துபோன தன் மனிதர்களையெல்லாம் அதில் பார்க்கிறான். தன்னையும் பார்க்கிறான். அப்போதுதான் அழுதுகொண்டே நண்பனிடம் இந்தச் சொற்களைச் சொல்கிறான். இங்கேயும் நம் துயரத்துக்குக் கண்ணீர் இருக்கிறது, பயப்படாதே என்கிறான். பிற்காலத்தில் இந்த இரண்டு சொற்களைத் தனியே பிய்த்தெடுத்து, உலகமே கண்ணீர்மயம் என்ற வேதாந்தமாக்கிவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்நிய ஊரில் நம் துக்கத்தை யாரோ தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்ற ஆறுதல்தான் அது. 1970-களில் கல்கத்தா வந்த புதிதில், லேக் மார்க்கெட்டில் முன்பின் தெரியாத ஒரு மாமி, "முகம் வாடியிருக்கிறதே, ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதாக என் அண்ணா சொல்வார். அவருக்குக் கார்த்தேஜ் தெரியாது. விஷயம் தெரியும்.

கிறிஸ்தவம் வந்தபின் லத்தீன் கண்ணீர் கோயிலுக்குள் புகுந்தது. சாவுப் பூசையில் ‘லாக்ரிமோசா’ என்று தொடங்கும் பகுதி உண்டு. கண்ணீர் நிறைந்த நாள் என்று பொருள். மோட்சார்ட் 1791-இல் அதற்கு இசையமைக்க உட்கார்ந்து, எட்டு அளவுகள் எழுதியதோடு முடிக்காமல் காலமானார். சிலுவையடியில் நின்ற தாயை ‘மாத்தேர் தொலோரோசா’ என்பார்கள். தமிழ்நாட்டில் அவளே வியாகுல மாதா. வியாகுலமேரி என்று பெயருள்ளவர்களை ரயில்வே காலனிகளில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! ஸ்பானிய தேசத்து ‘தொலோரெஸ்’ என்ற பெயரும் அதே.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்துப்போனது வேறொன்று. மாதாவை நோக்கிய பழைய லத்தீன் ஜெபம் ஒன்றில் இந்த உலகத்தைக் கண்ணீரின் பள்ளத்தாக்கு என்று சொல்கிறது. அந்தப் படிமத்தின் வேர் 84-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அந்த ஜெபத்தைத் தமிழில் கிருபை தயாபத்து மந்திரம் என்பார்கள். அதைப் பழங்காலத்தில் தமிழாக்கியவர் ‘கண்ணீர்க் கணவாய்’ என்று போட்டார். ஃபாதர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். நான்தான் நிறுத்தினேன். கணவாயா? எங்களுக்கு, ரயில்வேக்காரர்களுக்கு, கணவாய் என்றால் பாலக்காடு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் விட்டுக்கொடுத்த இடம். மெட்ராஸ் ரயில்வே 1860-களின் தொடக்கத்தில் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் அந்த வழியாகத்தான் இணைத்தது. பள்ளத்தாக்கில் குடியிருக்கலாம். கணவாயில் யாரும் குடியிருப்பதில்லை. அதைக் கடந்துதான் போவார்கள். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு அந்தக் காலத்தில் கணவாய் என்றாலே பள்ளத்தாக்காகவும் இருந்திருக்கலாம். இருந்தாலும் என் காதுக்கு அது லத்தீனைவிட நல்ல சொல்லாகப் படுகிறது.

லத்தீனிலிருந்து தமிழுக்குக் கண்ணீர் வந்ததுபோல், தமிழிலிருந்து லத்தீனுக்கும் போயிருக்கிறது. வீரமாமுனிவர் என்று நாம் சொல்லும் பெஸ்கி, 1680-இல் இத்தாலியில் மாந்துவா பிரதேசத்தில் பிறந்தவர். வெர்ஜில் பிறந்ததும் அதே மாந்துவாவின் அருகில்தான்! வெர்ஜிலின் ஊர்க்காரர் தமிழ்நாட்டுக்கு வந்து தேம்பாவணி பாடினார். வியாகுல மாதாவுக்கு ‘அன்னை அழுங்கல் அந்தாதி’ என்று தனியே ஒரு நூல் செய்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். அன்பை அடைத்து வைக்கத் தாழ்ப்பாள் கிடையாது, அன்புடையவரின் சிறு துளிக் கண்ணீரே அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற 71-ஆம் குறளும், கொடுங்கோல் மன்னனின் செல்வத்தை அறுத்துத் தேய்ப்பது குடிகளின் கண்ணீர் என்ற 555-ஆம் குறளும், மேலே சொன்ன பகைவனின் கண்ணீரும், அப்படி லத்தீன் உடை அணிந்தன. காமத்துப்பாலை மட்டும் அவர் தொடவில்லை, துறவி அல்லவா! அதனால் வள்ளுவரிலேயே அதிகமாகக் கண்ணீர் வடியும் ‘கண்விதுப்பழிதல்’ அதிகாரம் அவர் கையால் லத்தீனுக்குப் போகாமல் நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது ரயிலில் ஃபாதர் இன்னொன்றும் சொன்னார். அலுவலகத்தில் நாம் கூட்டும் ‘கண்டோலன்ஸ்’ கூட்டம். அந்தச் சொல்லும் லத்தீன்தான். ‘கோன்’ என்றால் கூட, ‘தொலேரே’ என்றால் வருந்துவது. கூடச் சேர்ந்து வருந்துவது. கேதரினின் கல் கேட்டதும் அதையேதான்.

தமிழில் நாம் என்ன சொல்கிறோம் என்று அப்போது யோசித்தேன். ‘துக்கம் விசாரிக்கப் போகிறேன்’ என்கிறோம். ‘துக்கம் கேட்டுவிட்டு வருகிறேன்’ என்கிறோம். போய் உட்கார்ந்து, எப்படி ஆயிற்று, என்றைக்கிலிருந்து உடம்பு சரியில்லை, கடைசியாக என்ன சாப்பிட்டார், என்ன பேசினார் என்று கேட்கிறோம். வீட்டுக்காரர்கள் முதல் ஆளுக்குச் சொன்னதையே இருபதாவது ஆளுக்கும் சொல்கிறார்கள். இளைஞனாக இருந்தபோது எனக்கு இது அநாகரிகமாகப் பட்டது. வேதனையில் இருப்பவர்களைக் குறுக்கு விசாரணை செய்வதா என்று நினைப்பேன். என் தாயார் போனபோது தெரிந்தது. கேட்கக் கேட்கத்தான் சொல்ல முடிகிறது. நான் எழுதிய அஞ்சலிக் குறிப்புகளில் அந்த விசாரணை இல்லை. யாரையும் எதையும் கேட்காமல், மேசையில் உட்கார்ந்து எழுதியவை அவை.

ஸிஸ்தே என்ற சொல்லும் சும்மா விடவில்லை. வழிப்போக்கனை நிறுத்தும் கல் நம் ஊரில் இல்லையா? நடுகல் உண்டு. போரில் விழுந்தவனின் பெயரும் பெருமையும் எழுதி, வழியோரத்தில் நட்டார்கள். ஆனால் கேதரினுக்குப் பொருத்தமானது வேறு. தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்தூண் நட்டு, மேலே குறுக்கே ஒரு கல். எங்கள் பாஷையில் இரண்டு போஸ்ட், ஒரு லிண்டல். தோள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு போகிறவர், தூக்கிவிட ஆள் இல்லாத இடத்தில், குனியாமலே சுமையை அதன்மேல் தள்ளி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போவார். அந்தக் கல்லைப் பல ஊர்களில் யாருக்காக வைத்தார்கள் தெரியுமா? வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போய்விட்டாள், இன்னொருவர் சுமை இறங்கினால் அவளுக்கு ஆறுதல் என்று நம்பி வைத்தார்கள். எங்கள் பாட்டி ஊருக்குப் போகும் வழியில் அப்படி ஒன்று உண்டு. அதில் எழுத்து எதுவும் கிடையாது. சிறுவனாக அதன்மேல் ஏறி உட்கார்ந்து திட்டு வாங்கியிருக்கிறேன். ஏன் திட்டினார்கள் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா காலமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. துக்கம் விசாரிக்க இவ்வளவு தாமதமாக யாரும் போவதில்லை. காபி கொடுத்தாள். கேட்க ஆரம்பித்தேன். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பரிஷாவில் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிரே ஒரு வங்காளிப் பாட்டி தனியாக இருந்தாராம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அப்போதெல்லாம் அந்தப் பாட்டிக்குப் பால் வாங்கிக் கொடுத்தது இவர். பாட்டி இறந்தபோது கொள்ளி வைக்க உறவுக்காரர் வரும்வரை இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாராம். நாற்பது வருடம் பழகியும் இது எனக்குத் தெரியாது. இன்னும் நிறையச் சொன்னாள். நடுவில் அழுதாள். என் கண்ணிலும் நீர் வந்தது, லாக்ரிமல் குழாய் அடைப்பினால் அல்ல.

இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் அவரைப் பற்றிய குறிப்பு மறுபடியும் வருகிறது. ஒரே ஆளுக்கு இரண்டு அஞ்சலியா என்று ஆசிரியர் கேட்டார். முதலாவது செல்லாது என்று சொல்லியிருக்கிறேன்.